செருகியிருக்கிறதா

ஆமாம் யஸ்னா,
நேற்று அந்தக் குரலில்தான் கேட்டேன்:
மின்கம்பி செருகியிருக்கிறதா.
மருந்துக் கிடங்கில் நீ பேச்சற்று நின்றது
தொலைபேசியில் எனக்குக் கேட்டது.
பின்னால் குளிர்பெட்டியின் உறுமல்.
பிறகு,
என்னை என்னவென்று நினைத்தாய், என்றாய்.

ஒன்றுமே நினைக்கவில்லை.
குற்றம் அதுதான் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

சலவை அறைக்கும் பிணவறைக்கும் நடுவே
எங்கள் அறை. சன்னல் இல்லை.
தெருவோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
புன்டா அரேனாஸ் முழுக்கத் தள்ளாடி நடக்கும் நாளிலும்
காற்று என்று ஒன்று இருப்பது
மேலே யாருடைய இணைப்பாவது அறுந்தால்தான்
எங்களுக்குத் தெரியவரும்.

முன்பெல்லாம் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.
மரியாதைக்காரன்.
போர்வெனீரிலிருந்து ஒரு மருத்துவர் அழைத்தார்,
திரை கறுத்துவிட்டதென்று.
முப்பது வருடம் வயிறு கிழித்துத் தைத்த மனிதரிடம்
செருகியிருக்கிறதா என்றா கேட்பது?
படகு ஏறினேன்.
இரண்டு மணி நேரம் நீரிணை என்னைப் புடைத்தெடுத்தது.
மதியம் தின்ற எம்பனாடாவை
அதற்கே திருப்பிக் கொடுத்தேன்.
அவர் மேசைக்கடியில் குனிந்தால்
துப்புரவுக்காரர் பிடுங்கிப்போட்ட செருகி
கரையில் ஒதுங்கிய மீன்போலக் கிடந்தது.
செருகினேன். திரை விழித்தது.
பார், உன்னைக் கண்டதும் பயந்துவிட்டது, என்று சிரித்தார்.
அன்று மாலை காற்று துறைமுகத்தை மூடிற்று.
ஈரக் கம்பளி நாறும் விடுதியொன்றில்
இரண்டு இரவு
என் மரியாதையை மென்றுகொண்டு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு யாரையும் விட்டதில்லை,
இயக்குநரைக்கூட.
எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்:
நான் எதிலும் கை வைக்கவில்லை.
கோப்பு தானாக அழிந்தது.
கடவுச்சொல் தானாக மாறியது.
காப்பி தானாக எழுந்துபோய்
விசைப்பலகைக்குள் படுத்துக்கொண்டது.
பொய் என்று சொல்லவில்லை, பயம்தான்.
ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது அழைப்பு கேட்ட காதுக்கு
இரண்டும் ஒரே குரலில் விழுகின்றன.
நேற்று நீ நாற்பத்தொன்று.
மற்றவர்கள் மேல் வந்தது உன் மேல் கொட்டியது.

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில்
நிபால்தோ, இன்று அச்சு அழகாக வருகிறது என்று
ஒரு பிறவியும் கூப்பிட்டதில்லை.
அது கிடக்கட்டும்.
சொல்ல வந்தது வேறு.

இன்று காலை இரண்டாம் மாடியில்
என் கையில் பட்டையைச் சுற்றியபடி, முகம் பாராமல்
ஃப்ரேசியா கேட்டாள்: மாத்திரை போடுகிறீர்களா.
போடுகிறேன்.
தினமுமா.
தினமும்.
உப்பு?
தொடுவதே இல்லை.
பட்டை இறுகி, பெருமூச்சுவிட்டுத் தளர்ந்தது.
நூற்று எழுபத்தெட்டு.
எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள்.

அந்த மௌனம் எனக்குப் பழக்கம் யஸ்னா,
கீழே நாங்கள் தயாரிப்பது.
என்னை என்னவென்று நினைத்தாய் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
ஒன்றும் நினைத்திருக்கமாட்டாள்.
வரிசையில் நான் அவளுக்கு எத்தனையாவதோ.
மாத்திரை என்னவோ
போன மாதமே தீர்ந்துவிட்டது.

அப்படியே உன் கிடங்குக்கு வந்தேன்.
நீ சாப்பிடப் போயிருந்தாய்.
மேசைக்கடியில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
செருகி இருந்தது.
ஆழமாக, அசையாமல்,
யாரோ இரண்டு முறை அழுத்திப் பார்த்ததுபோல.
பழுது உன்னிடம் இல்லை.
கீழே, எங்கள் அறையில்,
போன வியாழன் நானே மாற்றிய பெட்டியில்.
தானாக ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கை வைத்தேன்.

சரிசெய்தாயிற்று.
இதைக் காலி மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி
உன் திரையில் ஒட்டிவிட்டுப் போகிறேன்.
அடுத்த முறை கூப்பிட்டாலும்
முதலில் அதையேதான் கேட்பேன்,
வேறு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.

இன்னொன்று.
உன் குளிர்பெட்டி உறுமுவது சரியில்லை.
யாரிடமாவது சொல்.
அது என் துறை அல்ல.